பழங்குடியினர் யாவர்? ஒரு சமூகவியல் அறிஞரின் ஆய்வுப் பணியும் வளர்ச்சித் திட்டங்களும்

நமது திட்ட ஆவணங்களிலும் புள்ளிவிவர அட்டவணைகளிலும் பழங்குடியினர் என்பது ஒரு பத்தியின் தலைப்பு. அத்தலைப்பின் கீழ் எண்கள் வரிசையாக நிற்கின்றன. 2011ஆம் ஆண்டு மக்கள் கணக்கெடுப்பின்படி நாட்டிலுள்ள பழங்குடியினரின் எண்ணிக்கை 10.43 கோடி. இது மொத்த மக்கள்தொகையில் 8.6 விழுக்காடு. அக்கணக்கெடுப்பில் 705 இனங்கள் பழங்குடிகளாகப் பதிவு பெற்றிருந்தன. இவர்களுக்காக எவ்வளவு ஒதுக்கினோம், எவ்வளவு செலவிட்டோம் என்பனவற்றைப் பொருளாதாரம் பயின்றவர்கள் எளிதில் கணக்கிட்டுவிடலாம். ஆனால் அப்பத்தியில் அடங்கியுள்ள மக்கள் யாவர், அவர்களை ஒரு பிரிவினராகக் கொள்வதற்கு அடிப்படை யாது, வளர்ச்சியின் பயன் அவர்களைச் சென்றடையத் தடையாக நிற்பது எது என்னும் வினாக்களுக்கு விடை காண்பது சமூகவியலின் பணியாகும்.

இவ்வினாக்களையே தமது வாழ்நாள் ஆய்வுப் பொருளாகக் கொண்டவர் பேராசிரியர் விர்ஜீனியஸ் சாக்சா. தில்லிப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தில்லிப் பொருளாதாரக் கல்லூரியின் சமூகவியல் துறையில் 1990 முதல் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் பணியாற்றியவர். பழங்குடி மக்களின் நிலை குறித்து மத்திய அரசு அமைத்த உயர்நிலைக் குழுவின் தலைவராக இருந்து, 2014இல் அதன் அறிக்கையை அளித்தவர். அவருடைய கல்விப் பணியை அறிந்துகொள்வது, பழங்குடியினர் வளர்ச்சி பற்றிய நமது சிந்தனை நடந்துவந்த பாதையை அறிவதற்கும் துணைபுரியும்.

பழைய விவாதம்

பழங்குடியினர் என்னும் சொல்லுக்கு நமது அரசியலமைப்பு இலக்கணம் வகுக்கவில்லை. 342ஆவது பிரிவின் கீழ்க் குடியரசுத் தலைவர் வெளியிடும் அறிவிக்கையில் இடம்பெறும் இனங்களே பழங்குடிகள் எனக் கொள்ளப்படுகின்றன. இவ்வாறு சேர்ப்பதற்குரிய அளவுகோல்களை 1965ஆம் ஆண்டு லோகுர் குழு தொகுத்துக் கூறியது. தொன்மையான வாழ்க்கைக் கூறுகள், தனித்தன்மை வாய்ந்த பண்பாடு, ஒதுங்கிய நிலப்பகுதியில் வாழ்தல், பிறருடன் பழகத் தயங்குதல், பின்தங்கிய நிலை ஆகிய ஐந்தும் அவ்வளவுகோல்களாகும். இவற்றுள் பெரும்பாலானவை, பழங்குடியினரிடம் இல்லாதவற்றைச் சுட்டுவன என்பதை வாசகர் கவனிக்கலாம்.

அறிஞர் உலகிலும் இவ்விவாதம் பழமையானது. பம்பாய்ப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜி. எஸ். குர்யே 1943இல் வெளியிட்ட நூலில், பழங்குடியினரைப் பின்தங்கிய இந்துக்கள் என்றே கருத வேண்டும் என்றும், அவர்கள் பொதுச் சமூகத்தில் கலந்துவிடுவதே நன்று என்றும் வாதிட்டார். மத்திய இந்தியாவின் காடுகளில் பழங்குடியினருடன் வாழ்ந்த வெரியர் எல்வின், வெளியாரின் ஊடுருவலால் அவர்கள் நிலத்தையும் தன்னம்பிக்கையையும் இழந்ததைக் கண்டு, அவர்களுக்குப் பாதுகாப்புத் தேவை என வலியுறுத்தினார். கலந்துவிடச் செய்வதா, ஒதுக்கிக் காப்பதா என்ற இவ்விரு முனைகளுக்கிடையே விடுதலை பெற்ற இந்தியா ஒரு நடுவழியைத் தேடியது.

அந்நடுவழியைப் பிரதமர் நேரு ஐந்து கொள்கைகளாக வகுத்தார். வடகிழக்கு எல்லைப்புற மக்கள் குறித்து எல்வின் எழுதிய நூலுக்கு 1958இல் அளித்த முன்னுரையில் அவை இடம்பெற்றன. பழங்குடியினர் தம் இயல்புக்கேற்ப வளர வேண்டும், நிலத்திலும் காட்டிலும் அவர்களுக்குள்ள உரிமைகள் மதிக்கப்பட வேண்டும், நிருவாகத்திற்கு அவர்களிலிருந்தே ஆட்களைப் பயிற்றுவிக்க வேண்டும், அளவுக்கு மீறிய நிருவாகத்தையும் திட்டங்களையும் சுமத்தலாகாது, செலவிட்ட தொகையைக் கொண்டல்லாமல் உருவாகும் மனிதப் பண்பைக் கொண்டே பயனை மதிப்பிட வேண்டும் என்பன அவற்றின் சாரமாகும். ஐந்தாவது கொள்கை, நிதியாண்டின் இறுதியில் செலவுக் கணக்குத் தயாரிக்கும் அலுவலர் ஒவ்வொருவரும் நினைவிற்கொள்ளத் தக்கது.

தில்லிக்கு வந்த பாதை

பேராசிரியர் சாக்சா ஒராவோன் பழங்குடியைச் சேர்ந்தவர். அம்மக்களின் குடுக் மொழி, தமிழைப் போன்றே திராவிட மொழிக் குடும்பத்தைச் சார்ந்தது என்பது தமிழ் வாசகர்களுக்கு ஆர்வமூட்டும் செய்தியாகும். சோட்டாநாகபுரிப் பீடபூமியையும் அதனை ஒட்டிய பகுதிகளையும் தாயகமாகக் கொண்ட இம்மொழியை 2011 கணக்கெடுப்பின்போது ஏறத்தாழ 20 இலட்சம் மக்கள் தாய்மொழியாகக் கொண்டிருந்தனர். 2003ஆம் ஆண்டின் 92ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தால் சந்தாலி, போடோ ஆகிய மொழிகள் எட்டாவது அட்டவணையில் சேர்க்கப்பட்டபோது குடுக் மொழிக்கு அவ்விடம் கிட்டவில்லை.

கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் முனைவர் பட்டம் பெற்ற அவர், ஷில்லாங்கிலுள்ள வடகிழக்கு மலைப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியப் பணியாற்றினார். பின்னர் தில்லிக்கு வந்தார். அவர் சேர்ந்த துறை 1959இல் எம். என். சீனிவாஸ் அவர்களின் தலைமையில் தொடங்கப்பெற்றது. பொருளாதாரமும் சமூகவியலும் ஒரே வளாகத்தில் கற்பிக்கப்படும் அக்கல்லூரி, சாதி, கிராமம், விவசாய உறவுகள் ஆகியவற்றைக் குறித்த ஆய்வுகளால் பெயர் பெற்றிருந்தது. ஆந்திரே பெத்தேல் போன்ற அறிஞர்கள் அங்குப் பழங்குடி என்னும் கருத்தையே ஆய்வுக்கு உட்படுத்தி, இந்தியச் சூழலில் பழங்குடிக்கும் பிற சமூகங்களுக்கும் இடையே தெளிவான எல்லைக்கோடு வரைவது அரிது என எடுத்துக்காட்டியிருந்தனர். இவ்விவாதத்தில் பழங்குடிச் சமூகத்திலிருந்தே வந்த ஓர் ஆய்வாளரின் குரல் சேர்ந்தது குறிப்பிடத்தக்க நிகழ்ச்சியாகும்.

தில்லிக்குப் பின் டாட்டா சமூக அறிவியல் கழகத்தின் குவாஹாட்டி வளாகத்திலும், தேஜ்பூர் பல்கலைக்கழகத்திலும் அவருடைய பணி தொடர்ந்தது.

தேயிலைத் தோட்டம் தந்த பாடம்

சாக்சாவின் தொடக்ககால ஆய்வுக்களம் வட வங்காளம். தோட்டப் பொருளாதாரமும் குடியானவர் பொருளாதாரமும் அருகருகே நிலவும் அப்பகுதியில் வர்க்க அமைப்பு எவ்வாறு உருவாகிறது என்பதை அவர் ஆராய்ந்தார். அவ்வாய்வு 1997இல் நூலாக வெளிவந்தது. 1865இல் பூட்டானுடன் நடந்த போருக்குப் பின் ஆங்கிலேயர் வசமான துவார்ஸ் பகுதியில், 1870களில் தேயிலைத் தோட்டங்கள் தோன்றின. அவற்றில் உழைப்பதற்குச் சோட்டாநாகபுரியிலிருந்தும் சந்தால் பர்கனாவிலிருந்தும் ஒராவோன், முண்டா, சந்தால் முதலிய மக்கள் பெருந்திரளாகக் கொண்டுவரப்பட்டனர்.

பொருளாதார மாணவர்க்கு இக்களம் ஒரு முக்கியப் பாடத்தைக் கற்பிக்கிறது. தேயிலை, ஏற்றுமதி வாணிகத்தோடு இணைந்த நவீனத் தொழில். அதில் கூலி பணமாகக் கிடைக்கிறது. ஆயினும் தோட்டக் குடியிருப்புகளில் தலைமுறை தலைமுறையாக வாழும் தொழிலாளர் குடும்பங்களுக்கு வீடும் தோட்டத்திற்கே உரியது. நிலமோ, வேறு தொழிலுக்கான வாய்ப்போ அரிது. பழங்குடியினர் நவீனப் பொருளாதாரத்தில் இணைந்துவிட்டால் அவர்தம் வறுமை தானே நீங்கும் என்னும் எண்ணத்தை இவ்வரலாறு ஐயத்துக்கு உள்ளாக்குகிறது. ஒரு நூற்றாண்டுக்கு மேலாக அவர்கள் இணைந்தே இருக்கின்றனர். எந்த நிலையில் இணைக்கப்பட்டனர் என்பதே கேள்வி.

இதிலிருந்து மற்றொரு சிக்கலும் தோன்றுகிறது. ஒராவோன், முண்டா, சந்தால் மக்கள் ஜார்க்கண்டிலும் மேற்கு வங்காளத்திலும் பழங்குடிப் பட்டியலில் உள்ளனர். ஆனால் அசாம் தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்ற அதே இனத்தவர், 2014இல் உயர்நிலைக் குழு தன் அறிக்கையை அளித்தபோது, அம்மாநிலப் பட்டியலில் இடம்பெறவில்லை. குருதி உறவினரான இரு குடும்பங்களில் ஒன்று பழங்குடி, மற்றொன்று பழங்குடி அன்று. மாநில எல்லையைக் கடந்ததும் ஒருவரின் சமூக அடையாளம் மாறிவிடுமா? ஒரு சொல்லுக்கு நாம் தரும் பொருளைப் பொறுத்து உதவித்தொகையும், இட ஒதுக்கீடும், நிலப் பாதுகாப்பும் கிடைக்கவோ கிடைக்காமற் போகவோ செய்கின்றன.

சாதிக்கு எதிர்நிலையா, தனிச் சமூகமா?

1999ஆம் ஆண்டு ‘எகனாமிக் அண்டு பொலிடிகல் வீக்லி’ இதழில் வெளிவந்த கட்டுரைகளில் சாக்சா தமது அடிப்படைக் கருத்தை முன்வைத்தார். அதுவரை ஆய்வாளர்கள் பழங்குடியை எப்போதும் வேறொன்றாக மாறிக்கொண்டிருக்கும் ஒரு நிலையாகவே நோக்கினர். பழங்குடி சாதியாக மாறுகிறது என்றனர் சிலர். குடியானவர் சமூகமாக மாறுகிறது என்றனர் வேறு சிலர். உழவுத்தொழிலை மேற்கொண்டாலோ, இந்து அல்லது கிறித்தவ சமயத்தைத் தழுவினாலோ அது பழங்குடியாக இருப்பது முடிந்துவிட்டது எனக் கருதினர்.

இவ்வொப்பீடே தவறானது என்கிறார் சாக்சா. சந்தால் சமூகத்தைச் சாதியுடனோ குடியானவருடனோ ஒப்பிடலாகாது. வங்காளியர், ஒடியர், குஜராத்தியர் போன்ற மொழிவழிச் சமூகங்களுடன் ஒப்பிட வேண்டும் என்பது அவர் வாதம். தமிழர் சமூகத்தை எடுத்துக்கொண்டால் இது எளிதில் விளங்கும். தமிழரில் உழவர் உண்டு, ஆலைத் தொழிலாளர் உண்டு, பல சமயத்தவர் உண்டு. ஒரு தமிழர் உழவை விட்டு நகரத்து அலுவலகத்தில் பணியேற்றார் என்பதற்காகவோ, சமயம் மாறினார் என்பதற்காகவோ அவர் தமிழர் அல்லர் என்று எவரும் கூறுவதில்லை. அவ்வாறிருக்க, முண்டா இனத்தவர் ஒருவர் பட்டம் பெற்றுப் பொறியாளரானதும் அவர் பழங்குடித் தன்மையை இழந்துவிட்டார் என்று மட்டும் ஏன் கூற வேண்டும்? தொழிலும் சமயமும் மாறலாம்; மொழி, நிலம், வழக்காறு, தன்னுணர்வு ஆகியவற்றால் அமைந்த சமூகம் தொடர்கிறது.

இக்கருத்தின் பயன் ஏட்டளவில் நின்றுவிடுவதன்று. பழங்குடியை ஒரு பின்தங்கிய கட்டமாகக் கருதினால், அக்கட்டத்தைக் கடக்கச் செய்வதே வளர்ச்சி என்றாகிவிடும். மாறாக, அதனை ஒரு சமூகமாகக் கருதினால், அச்சமூகம் தன் நிலத்தோடும் மொழியோடும் முன்னேறுவதற்கு வழி செய்வதே வளர்ச்சியாகும்.

இடைவெளி விரிந்தது ஏன்?

இட ஒதுக்கீடு தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் ஆகிய இரு பிரிவினர்க்கும் ஒருங்கே அளிக்கப்பட்டது. எனினும் பயனில் வேறுபாடு தோன்றியது. எழுத்தறிவை நோக்குவோம். 1961இல் தாழ்த்தப்பட்டோரில் 10.3 விழுக்காட்டினரும் பழங்குடியினரில் 8.5 விழுக்காட்டினரும் எழுத்தறிவு பெற்றிருந்தனர். 2011இல் இவ்விகிதங்கள் முறையே 66.1, 59.0 ஆக இருந்தன. நாட்டின் பொது விகிதம் 73.0. கணக்கிடும் வயது வரம்பு இடையில் மாறியிருப்பதால், வெவ்வேறு ஆண்டுகளின் விகிதங்களை நேரடியாக ஒப்பிடுவதைவிட, ஒரே ஆண்டில் இரு பிரிவினர்க்கும் உள்ள இடைவெளியை நோக்குவதே தக்கது. 1961இல் இரண்டு விழுக்காட்டுப் புள்ளிகளுக்கும் குறைவாக இருந்த அவ்விடைவெளி, 2011இல் ஏழு புள்ளிகளாக விரிந்துள்ளது. வறுமைக் கணக்கும் இதனையே கூறுகிறது. டெண்டுல்கர் முறைப்படி 2011–12இல் ஊரகப் பழங்குடியினரில் 45.3 விழுக்காட்டினர் வறுமைக் கோட்டிற்குக் கீழ் இருந்தனர். ஊரகத் தாழ்த்தப்பட்டோரில் இது 31.5 விழுக்காடு, ஊரக மக்கள் அனைவரிலும் 25.7 விழுக்காடு.

2001இல் எழுதிய ஒரு கட்டுரையில் சாக்சா இவ்வேறுபாட்டின் காரணத்தை ஆராய்ந்தார். தாழ்த்தப்பட்டோர் கொடிய இழிவுகளுக்கு ஆளாக்கப்பட்டபோதிலும், ஒரே வட்டாரச் சமூகத்தின் உள்ளே, அதன் மொழியைப் பேசி வாழ்பவர்கள். பழங்குடியினரோ அச்சமூகத்திற்கு வெளியே வாழ்ந்தவர்கள். பள்ளியின் மொழி அவர்கள் மொழியன்று. அலுவலகத்தின் நடைமுறை அவர்கள் அறிந்ததன்று. எனவே ஒரே வகையான சலுகை இரு பிரிவினர்க்கும் ஒரே அளவில் பயன்படவில்லை.

தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் அளிக்க மாநிலங்கள் முயல வேண்டும் என அரசியலமைப்பின் 350ஏ பிரிவு கூறுகிறது. ஒரு பழங்குடிக் குழந்தை முதல் வகுப்பில் தனக்குப் புரியாத மொழியில் பாடங்கேட்டு, இரண்டாண்டுகளில் பள்ளியை விட்டு நின்றுவிடுமானால், கல்லூரியில் அதற்கென ஒதுக்கிய இடம் காலியாகவே கிடக்கும். இட ஒதுக்கீட்டின் வெற்றி, அதற்குப் பல ஆண்டுகள் முன்பே தொடக்கப்பள்ளியில் முடிவாகிவிடுகிறது.

உயர்நிலைக் குழு

2013 ஆகஸ்டு மாதம் பிரதமர் அலுவலகம் பழங்குடியினரின் சமூக, பொருளாதார, கல்வி, உடல்நல நிலையை ஆராய ஓர் உயர்நிலைக் குழுவை அமைத்தது. சாக்சா தலைமையிலான அக்குழு 2014 மே மாதம் அறிக்கை அளித்தது. வாழ்வாதாரமும் வேலைவாய்ப்பும், கல்வி, உடல்நலம், கட்டாய இடப்பெயர்ச்சி, சட்ட ஏற்பாடுகள் ஆகியவை அதன் ஆய்வுப் பொருள்களாகும்.

வளர்ச்சிக்காக இடம்பெயர்க்கப்பட்டோரில் ஏறத்தாழ 40 விழுக்காட்டினர் பழங்குடியினர் என்னும் மதிப்பீட்டை மக்கள்தொகையில் அவர்களின் பங்கோடு ஒப்பிட்டால் சிக்கலின் கடுமை புலனாகும். நாட்டில் பன்னிருவரில் ஒருவர் பழங்குடி. நிலமிழந்து வெளியேறியோரில் ஐவரில் இருவர் பழங்குடி. அணையின் நீரும், சுரங்கத்தின் தாதும், ஆலையின் உருக்கும் தேசிய வருமானக் கணக்கில் வரவாகப் பதிவாகின்றன. அவற்றுக்காக இழந்த காடும் பொது நிலமும் பட்டா இல்லாதவையாதலால் இழப்பீட்டுக் கணக்கில் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. வரவு ஓரிடத்திலும் செலவு வேறிடத்திலும் விழும்போது, மாவட்டத்தின் சராசரி வருமானம் உயர்வதைக் கொண்டு அம்மாவட்டத்துப் பழங்குடியினர் உயர்ந்தனர் எனக் கொள்ள இயலாது.

இத்துறையில் சட்டங்களுக்குக் குறைவில்லை. 1908ஆம் ஆண்டின் சோட்டாநாகபுரிக் குத்தகைச் சட்டம் முதல், ஐந்தாவது அட்டவணைப் பகுதிகளுக்குப் பஞ்சாயத்து முறையை விரிவாக்கிய 1996ஆம் ஆண்டுச் சட்டம், 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் வரை பல உள்ளன. 1974–75இல் ஐந்தாம் ஐந்தாண்டுத் திட்டத்தில் பழங்குடியினர் துணைத்திட்டம் தொடங்கப்பெற்றது. 1999இல் தனி அமைச்சகம் உருவாயிற்று. கிராம சபையின் ஒப்புதலை உண்மையானதாக்குதல், நிலம் கைமாறுவதைத் தடுத்தல், ஏற்கெனவே உள்ள பாதுகாப்புச் சட்டங்களை முறையாகச் செயற்படுத்தல் ஆகியவற்றைக் குழு வலியுறுத்தியது. கிராம சபை எவ்வளவு பயன்தரும் கருவி என்பதற்கு 2013ஆம் ஆண்டு ஒடிசாவின் நியமகிரி மலையில் நிகழ்ந்தது சான்று. உச்ச நீதிமன்றத்தின் ஆணைப்படி கூடிய பன்னிரண்டு கிராம சபைகள், தங்கள் மலையில் பாக்சைட் சுரங்கம் அமைப்பதை மறுத்தன. சுரங்கத் திட்டத்திற்கு அனுமதி கிட்டவில்லை.

மரபைக் காப்பதென்றால் அதிலுள்ள குறைகளையும் காப்பதென்று பொருளன்று. பழங்குடிச் சமூகங்களில் பெண்கள் உரிமையோடு வாழ்கின்றனர் என்னும் பொதுவான எண்ணத்தை 2004இல் எழுதிய கட்டுரையில் சாக்சாவே ஆய்வுக்கு உட்படுத்தினார். பல இனங்களின் வழக்காறுகளில் பெண்ணுக்கு நிலத்தின் மீது முழு உரிமை இல்லை. அதை அளித்தால் மணவுறவின் வழியாக வெளியார் கையில் நிலம் சேரும் என்ற அச்சம் ஒருபுறம். பெண்ணின் நியாயமான கோரிக்கை மறுபுறம். சமூகத்தின் பாதுகாப்பும் தனிமனித உரிமையும் இவ்வாறு மோதுமிடத்தில் எளிய விடை இல்லை. வெளியிலிருந்து விதிக்கப்படும் தீர்வைவிட, அச்சமூகத்தினுள் எழும் விவாதத்திற்கு இடமளிப்பதே பயனுள்ளதாகும்.

தமிழகத்திற்குப் பொருந்துமா?

தமிழ்நாட்டில் பழங்குடியினர் 2011இல் 7.95 இலட்சம் பேர், மக்கள்தொகையில் 1.1 விழுக்காடு. தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆகிய ஆறு இனங்கள் மிகவும் நலிவுற்ற பழங்குடிகளாக வகைப்படுத்தப்பட்டுள்ளன. ஐந்தாவது அட்டவணைப் பகுதி எதுவும் மாநிலத்தில் இல்லை. எண்ணிக்கையில் சிறியோராகவும் சிதறியும் வாழும் இவர்களுக்குச் சாதிச் சான்றிதழ் பெறுவதே முதற் சிக்கலாக இருந்துவருகிறது. நரிக்குறவர், குருவிக்காரர் சமூகத்தைப் பட்டியலில் சேர்க்கும் சட்டத்திருத்தம் பல ஆண்டுக் கோரிக்கைக்குப் பின் 2022 டிசம்பரில்தான் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது.

நம்பிக்கையூட்டும் எடுத்துக்காட்டும் இங்கு உண்டு. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திற்குப் பின் பாம்புத்தோல் வாணிகம் முடிவுக்கு வந்தபோது, பாம்பு பிடித்து வாழ்ந்த இருளர்கள் பிழைப்பை இழந்தனர். 1978இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கம், அவர்களின் அதே திறனைப் பாம்பு நஞ்சு சேகரிக்கும் பணிக்குத் திருப்பியது. அந்நஞ்சிலிருந்து செய்யப்படும் முறிமருந்து உயிர்களைக் காக்கிறது. தம் இயல்புக்கேற்ற வளர்ச்சி என்பது இத்தகையதே.

திட்டமிடுவோர் கேட்க வேண்டியவை

மிகவும் நலிவுற்ற பழங்குடிகளுக்கென 2023 நவம்பரில் தொடங்கப்பெற்ற பிரதமரின் ஜன்மன் திட்டத்திற்கு மூன்றாண்டுகளுக்கு 24,104 கோடி ரூபாய் மதிப்பிடப்பட்டது. வீடு, சாலை, குடிநீர், மருத்துவ வசதி ஆகியவை இன்றியமையாதன என்பதில் ஐயமில்லை. அவற்றைச் செயற்படுத்தும் அலுவலர் சில வினாக்களைத் தமக்குள் எழுப்பிக்கொள்வது நன்று. இத்திட்டம் யாருடைய நிலத்தில் நிறைவேறுகிறது, அந்நிலம் பத்தாண்டுகளுக்குப் பின்னும் அவர்களிடம் இருக்குமா? எந்த மொழியில் அவர்களிடம் விளக்கப்பட்டது? வேண்டாம் என்று கூறும் வாய்ப்பு அவர்களுக்கு அளிக்கப்பட்டதா? அவர்களுள் எத்தனை பேர் இதனை நடத்தும் பொறுப்பில் உள்ளனர்?

இவ்வினாக்களுக்கு விடை தரும் பத்தி நமது காலாண்டு அறிக்கைப் படிவங்களில் இல்லை. அத்தகைய பத்தி ஒன்றைச் சேர்க்க முடியும் என்பதையும், சேர்க்க வேண்டியதன் காரணத்தையும் சமூகவியல் ஆய்வு எடுத்துரைக்கிறது. பழங்குடியினரைப் பற்றி மட்டும் ஆராய்ந்த நிலை மாறி, பழங்குடியினரே ஆராய்ந்து கூறும் காலம் வந்துள்ளது. அக்கூற்றைக் கேட்டு அதற்கேற்பத் திட்டங்களைத் திருத்திக்கொள்வது நிருவாகத்தின் கடமையாகும்.